வடிகட்டும் செலவு நிபந்தனையில் இருக்கிறது

ஒரு பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து ஒரு நிபந்தனைக்குப் பொருந்தும் உறுப்புகள் மட்டும் வேண்டும். இணைய நிரல் எழுதும் எவரும் இந்த வேலையைச் செய்யாமல் ஒரு வாரத்தைக் கடத்துவது கடினம். கையிருப்பில் உள்ள பொருள்கள், இன்னும் படிக்கப்படாத செய்திகள், தேடுபெட்டியில் தட்டிய சொல் இடம்பெறும் பெயர்கள், இரு தேதிகளுக்கு இடைப்பட்ட பதிவுகள் என்று முகம் மாறினாலும் அடியில் நடக்கும் வேலை ஒன்றுதான். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கென்றே ஃபில்டர் என்ற முறை இருக்கிறது. ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். அந்த வரி மெதுவாக ஓடுகிறது என்ற ஐயம் எழும்போது பெரும்பாலானோர் அதை ஃபார் மடக்காக (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் வடிவமாக) மாற்றி எழுதிப் பார்ப்பதில்தான் தொடங்குகிறார்கள். என் கணிப்பில் அது கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம். ஃபில்டர் தன்னளவில் செய்யும் வேலை மிகக் குறைவு. அதனிடம் நாம் ஒப்படைக்கும் நிபந்தனை ஒவ்வோர் உறுப்புக்கும் எவ்வளவு உழைக்கிறது என்பதிலும், அந்தப் பட்டியல் முழுவதும் அந்த இடத்துக்கு வந்திருக்கத்தான் வேண்டுமா என்பதிலும்தான் நேரம் கரைகிறது.

இன்று இயல்பாகத் தோன்றும் இந்த முறை, மொழி பிறந்தபோது இல்லை. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்டில் நிபந்தனைப்படி பிரிக்கும் வேலையை நிரலரே மடக்கு எழுதிச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2005 நவம்பரில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 1.5, ஃபில்டர், மேப், சம் (some), எவ்ரி முதலிய முறைகளை அணிகளுக்கு, அதாவது உறுப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்களுக்கு, கொண்டுவந்தது. 2009 டிசம்பரில் வெளியான, எக்மாஸ்கிரிப்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தரத்தின் ஐந்தாம் பதிப்பு அவற்றைத் தரமாக்கியது. ஆனால் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 வரை அவை இல்லாததால், 2011இல் அதன் 9ஆம் பதிப்பு வந்து பழையவை மெல்ல வழக்கொழியும் வரை, ஜேக்வெரியின் கிரெப், அண்டர்ஸ்கோர் நூலகத்தின் ஃபில்டர் போன்ற மாற்றுகளையே பலரும் நம்பியிருந்தார்கள். ஃபில்டர் மெதுவானது, ஃபார் வேகமானது என்று இன்றும் கேட்கும் பேச்சில் பெரும்பகுதி அந்தக் காலத்தின் மிச்சம்.

பெயரைப் பற்றி ஒரு சிறு விலகல். வடிகட்டுவது என்று சொன்னால், வேண்டியது வலையில் தங்குகிறதா அல்லது வலையைத் தாண்டிப் போகிறதா என்பதற்கு அந்தச் சொல்லில் விடை கிடையாது. ஆங்கிலச் சொல்லிலும் இதே மயக்கம் உண்டு. ஸ்மால்டாக், ரூபி ஆகிய மொழிகள் எடுப்பதற்கு செலெக்ட், விடுப்பதற்கு ரிஜெக்ட் என இரு சொற்களை வைத்து இதைத் தவிர்த்தன. ஜாவாஸ்கிரிப்டில் இருப்பது ஒன்றே. மெய் என்று விடை வரும் உறுப்பு தங்கும். எதையோ நீக்க நினைத்து எழுதும்போது நிபந்தனையைத் திருப்பிப்போட மறப்பது புதியவர்கள் மட்டும் செய்யும் பிழை அல்ல. நிபந்தனையைச் சோதிக்கும் செயற்கூற்றுக்கு (ஃபங்ஷனுக்கு) தனியாக ஒரு பெயர் கொடுத்து, அந்தப் பெயர் எது தங்கும் என்பதைச் சொல்லும்படி வைத்துக்கொண்டால் இது பெரும்பாலும் தீரும்.

ஃபில்டர் உள்ளே எப்படி இயங்குகிறது என்பதைத் தரத்தின் விவரிப்பிலிருந்தே புரிந்துகொள்ளலாம். தொடங்கும்போதே அது அணியின் நீளத்தைக் குறித்துக்கொள்கிறது. 0ஆம் சுட்டெண்ணிலிருந்து (உறுப்பின் இட எண்) ஏறுவரிசையில் ஒவ்வோர் இடமாகச் சென்று, அங்கே உறுப்பு உண்டா என்று பார்த்து, இருந்தால் நாம் கொடுத்த செயற்கூற்றை உறுப்பு, சுட்டெண், மூல அணி ஆகிய மூன்றையும் தந்து அழைக்கிறது. விடை மெய்யாகக் கொள்ளத்தக்கதாக இருந்தால் உறுப்பைப் புதிய அணியின் இறுதியில் சேர்க்கிறது. மூல அணியில் நடுவழியில் புதிதாகச் சேர்க்கப்படுபவற்றை அது பார்ப்பதில்லை. உறுப்பே இல்லாத இடைவெளிகளைத் தாண்டிச் செல்கிறது. விடை கண்டிப்பாக மெய் அல்லது பொய் என்ற மதிப்பாக இருக்க வேண்டியதில்லை என்பதால், பூலியன் என்பதையே நிபந்தனையாகக் கொடுத்து வெற்று மதிப்புகளை அகற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் நல், அன்டிஃபைன்ட் ஆகியவற்றோடு 0 என்ற எண்ணையும் வெற்றுச் சரத்தையும் (எழுத்தே இல்லாத உரையையும்) சேர்த்தே அகற்றிவிடும். அளவீடுகளின் பட்டியலில் 0 என்பது ஓர் அளவீடு. அது காணாமல் போனால் சராசரி தவறும், பிழைச் செய்தி எதுவும் வராது.

புதிய அணி மேலோட்டமான நகல் என்பதையும் கவனிக்க வேண்டும். உறுப்புகள் ஆப்ஜெக்ட்டுகளாக (பல பண்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்புகளாக) இருந்தால் அவை நகலெடுக்கப்படுவதில்லை. அவற்றைச் சுட்டும் குறிப்புகள் மட்டுமே புதிய அணிக்குப் போகின்றன. ஆகவே பெரிய ஆப்ஜெக்ட்டுகளைக் கொண்ட அணியை வடிகட்டினால் நினைவகம் இரட்டிப்பாகும் என்ற அச்சம் தேவையற்றது. வடிகட்டிய அணியில் உள்ள ஒரு ஆப்ஜெக்ட்டைத் திருத்தினால் மூல அணியிலும் அது திருத்தப்பட்டிருக்கும் என்ற எச்சரிக்கைதான் தேவை.

ஃபார் மடக்கின் கதைக்கு வருவோம். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு செயற்கூற்றை அழைப்பதற்கும், அந்த இடத்தில் உறுப்பு உண்டா என்று சரிபார்ப்பதற்கும் ஒரு செலவு உண்டு என்பது உண்மையே. நிரலை ஓட்டும் இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின்கள் அடிக்கடி ஓடும் நிரலைக் கண்டறிந்து, சிறிய செயற்கூறுகளை அழைக்கும் இடத்திலேயே விரித்துப் பதிந்து அந்தச் செலவின் பெரும்பகுதியைக் குறைத்துவிடுகின்றன. மிஞ்சும் வேறுபாட்டை அளந்தால் மடக்கு பல சமயங்களில் முன்னால் நிற்கலாம். ஆனால் இரண்டுமே உறுப்புகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் வளரும் வேலைகள். சில ஆயிரம் உறுப்புகள் உள்ள பட்டியலில் பயனர் அந்த வேறுபாட்டை உணர வழியில்லை. படிப்பதற்கு எளிய வடிவத்தை விட்டுக்கொடுக்க இது போதிய காரணமாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு நொடியில் பல முறை, பல லட்சம் எண்கள் மீது ஓடும் நிரல் என்றால் கணக்கு வேறு.

உண்மையான செலவு பெரும்பாலும் வேறொரு சிறிய சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ஓர் அணியில் 10,000 பொருள்கள் உள்ளன. பயனர் குறித்துவைத்த அடையாள எண்கள் 10,000 கொண்ட இன்னோர் அணி இருக்கிறது. முதலாவதில் குறிக்கப்படாதவற்றை மட்டும் காட்ட வேண்டும். ஃபில்டருக்குள் இன்க்ளூட்ஸ் என்ற முறையை வைத்து எழுதினால் நிரல் ஒரு வாக்கியம் போலப் படிக்கிறது. ஆனால் இன்க்ளூட்ஸும் ஒரு மடக்குதான். தேடும் மதிப்பு கிடைக்கும் வரை, கிடைக்காவிட்டால் கடைசி வரை, அது அணியை ஒவ்வொன்றாக நடந்து பார்க்கிறது. வெளியே 10,000, உள்ளே 10,000 என்று பெருக்கினால் மோசமான நிலையில் 10 கோடி ஒப்பீடுகள். பட்டியல் இரட்டிப்பானால் வேலை நான்கு மடங்காகிறது. சோதிக்கும்போது 50 பொருள்களோடு மின்னலாக ஓடிய நிரல், உண்மையான தரவு வந்து சேர்ந்ததும் பக்கத்தை உறையவைப்பதன் பின்னணி இதுதான். எழுதிய நாளில் யாரும் எந்தத் தவறையும் கண்டிருக்க முடியாது.

இதற்கான மருந்து தரத்தின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த செட் என்ற தரவு அமைப்பு. அதில் ஒரு மதிப்பு உண்டா என்று கேட்கும் செலவு, உறுப்புகளின் எண்ணிக்கையோடு நேர்விகிதத்தில் வளரக்கூடாது, சராசரியாக அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று தரமே கோருகிறது. நடைமுறையில் எஞ்சின்கள் ஹேஷ் அட்டவணையைக் கொண்டு இதைச் செய்கின்றன. அடையாள எண்களின் அணியை ஒரு முறை செட்டாக மாற்றி, ஃபில்டருக்குள் அந்தச் செட்டிடம் கேட்டால், 10 கோடி என்ற கணக்கு ஏறத்தாழ 20,000 படிகளாகச் சுருங்குகிறது: செட்டைக் கட்ட 10,000, வடிகட்ட 10,000. மாறியது ஒரு வரி. ஃபில்டரை மடக்காக மாற்றி எவ்வளவு செதுக்கினாலும் இந்த அளவு மிச்சம் கிடைக்காது.

செட்டைப் பயன்படுத்தும்போது கால் இடறும் இடங்களும் உண்டு. முதலாவது, செட்டை நிபந்தனைச் செயற்கூற்றுக்கு உள்ளேயே உருவாக்குவது. அப்போது ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு புதிய செட் கட்டப்பட்டு, பழைய நிலையைவிட மோசமாகிறது. இரண்டாவது, வகை பொருந்தாமை. முகவரிப் பட்டையிலிருந்தோ படிவத்திலிருந்தோ வரும் 42 என்பது சரம். தரவுத்தளத்திலிருந்து வரும் 42 என்பது எண். செட் இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கும் என்பதால் எதுவுமே பொருந்தாமல் வெற்று அணி கிடைக்கும். மூன்றாவது, ஆப்ஜெக்ட்டுகளைச் செட்டில் போட்டு, உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால் பொருந்தும் என்று எதிர்பார்ப்பது. அங்கே ஒப்பிடப்படுவது உள்ளடக்கம் அன்று, ஆப்ஜெக்ட்டின் அடையாளம் மட்டுமே. ஒப்பிட வேண்டிய பண்பைப் பிரித்தெடுத்துச் செட்டில் வைப்பதே வழி. மற்றபடி, உள் பட்டியலில் ஐந்தாறு மதிப்புகள்தான் எப்போதும் இருக்கும் என்றால் இன்க்ளூட்ஸ் தாராளமாகப் போதும். அங்கே செட்டைத் திணிப்பது வெறும் சடங்கு.

திரும்ப வரும் மதிப்புகளை நீக்கும் வேலையிலும் இதே இருபடிச் செலவு ஒளிந்துகொள்கிறது. உறுப்பின் முதல் இருப்பிடத்தை இன்டெக்ஸ்ஆஃப் வழியாகக் கேட்டு, அது நடப்புச் சுட்டெண்ணோடு ஒத்திருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளும் ஃபில்டர் வடிவம் பல காலமாகப் புழங்குகிறது. செட்டாக மாற்றி மீண்டும் அணியாக்கினால் முதலில் வந்த வரிசையும் காக்கப்படும், ஒரே நடையில் வேலையும் முடியும். விடையிலும் ஒரு வேறுபாடு உண்டு: எண் அல்லாத மதிப்பைக் குறிக்கும் நேன் தனக்குத்தானே சமமில்லை என்பதால், இன்டெக்ஸ்ஆஃப் அதை ஒருபோதும் கண்டுபிடிப்பதில்லை, பழைய வடிவம் எல்லா நேன்களையும் துடைத்துவிடும், செட் ஒன்றை வைத்துக்கொள்ளும்.

நிபந்தனைக்குள் ஒளியும் இன்னொரு வகைச் செலவு, மாறாத ஒன்றை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுவது. தேடுசொல்லைச் சிறிய எழுத்தாக மாற்றுவது, இன்றைய தேதியை உருவாக்குவது, ரெஜெக்ஸ் (உரையில் எதைத் தேடுவது என்று சொல்லும் வடிவ விதி) ஒன்றைக் கட்டுவது ஆகியவை ஃபில்டர் தொடங்கும் முன்பே ஒரு முறை செய்யப்பட வேண்டியவை. ரெஜெக்ஸை வெளியே எடுக்கும்போது ஒரு பொறி காத்திருக்கிறது, அதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. எல்லா இடங்களிலும் தேடு என்று சொல்லும் குளோபல் கொடியோடு கட்டப்பட்ட ரெஜெக்ஸ், டெஸ்ட் முறையில் பொருத்தம் கண்டதும் அது முடிந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த அழைப்பில், கொடுக்கப்பட்டது முற்றிலும் வேறொரு சரமாக இருந்தாலும், அந்த இடத்திலிருந்தே தேடத் தொடங்குகிறது. பொருத்தம் கிடைக்காவிட்டால் நினைவை அழித்து 0க்குத் திரும்புகிறது. விளைவாக, ஒரே மாதிரியான பெயர்கள் உள்ள பட்டியலில் ஒன்று விட்டு ஒன்றுதான் வடிகட்டியில் தேறும். இந்தப் பிழையை முதல் முறை சந்திப்பவர் தரவின் மீதுதான் சந்தேகப்படுவார். அந்தக் கொடியை நீக்கினால் போதும்.

பல நிபந்தனைகள் உம்மையால் (&&) இணைக்கப்படும்போது, இடப்பக்கம் பொய்யானால் வலப்பக்கம் மதிப்பிடப்படுவதே இல்லை. ஆகவே மலிவான சோதனையையும் பெரும்பாலானவற்றைக் கழித்துவிடும் சோதனையையும் முன்னால் வைப்பது இலவசமாகக் கிடைக்கும் மிச்சம். பொருள் கையிருப்பில் உண்டா என்ற சோதனை, நீண்ட விவரணையில் ஒரு சொல்லைத் தேடும் சோதனைக்கு முன்னால் வர வேண்டும்.

தமிழ் உரையைத் தேடி வடிகட்டும் போது இதோடு ஒரு கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களை யுனிகோடில் இரு விதமாகக் குறிக்க முடியும்: குறி முழுவதும் ஒரே குறியீடாக, அல்லது எழுத்துக்கு முன் தோன்றும் கொம்பும் பின் தோன்றும் குறியும் தனித்தனிக் குறியீடுகளாக. திரையில் இரண்டும் ஒன்றே. நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு சரங்கள். விசைப்பலகை ஒன்றில் தட்டிய 'கொடி', வேறொரு வழியில் உள்ளிடப்பட்ட 'கொடி' என்ற பதிவைக் கண்டுபிடிக்காமல் போகலாம். 2015 பதிப்பில் வந்த நார்மலைஸ் முறை இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. ஔ என்பதற்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டும் பழக்கத்தை மட்டும் அதனால் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் யுனிகோடின் பார்வையில் அவை சமமான வடிவங்கள் அல்ல. செலவைப் பொறுத்தவரை, இந்த மாற்றத்தை ஒவ்வொரு விசை அழுத்தத்துக்கும் எல்லாப் பதிவுகள் மீதும் செய்யாமல், பட்டியல் வந்து சேரும்போதே தேடலுக்கான சரத்தை ஒரு முறை தயாரித்து ஒவ்வொரு பதிவோடும் சேர்த்து வைத்துக்கொள்வது பொருத்தமானது. ஆங்கிலப் பெயர்களைச் சிறிய எழுத்தாக்குவதற்கும் இதே வழி பொருந்தும்.

ஃபில்டருக்குப் பாதியில் நிற்கத் தெரியாது. முதல் உறுப்பிலேயே விடை கிடைத்துவிட்டாலும் கடைசி வரை நடந்தே தீரும். பொருந்தும் ஒன்று மட்டும் வேண்டும் என்ற இடத்தில் ஃபில்டர் செய்து முதல் உறுப்பை எடுப்பதற்குப் பதிலாக ஃபைண்ட். ஒன்றாவது பொருந்துகிறதா என்று மட்டும் அறிய, வடிகட்டிய அணியின் நீளத்தை 0வோடு ஒப்பிடுவதற்குப் பதிலாக சம். எல்லாம் பொருந்துகின்றனவா என்பதற்கு எவ்ரி. இவை விடை தெரிந்த கணமே நின்றுவிடும். முதல் 20 மட்டும் வேண்டும் என்ற தேவைக்கு நெடுங்காலம் மடக்கும் பிரேக்குமே வழியாக இருந்தன. 2025 பதிப்பில் சேர்க்கப்பட்ட இட்டரேட்டர் உதவி முறைகள் இந்தக் குறையைத் தீர்க்கின்றன: அணியிலிருந்து ஓர் இட்டரேட்டரை (கேட்கும்போது அடுத்த உறுப்பைத் தரும் அமைப்பை) பெற்று, அதன் ஃபில்டரையும் பின்னர் இத்தனை மட்டும் போதும் என்று சொல்லும் டேக் முறையையும் தொடுத்தால், 20 உறுப்புகள் சேர்ந்ததும் மூலத்தில் மேற்கொண்டு எதுவும் தொடப்படுவதில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் அணியின் ஃபில்டர் உடனே எல்லா வேலையையும் செய்கிறது, இட்டரேட்டரின் ஃபில்டர் கேட்கும்போது மட்டும் ஒவ்வொன்றாகச் செய்கிறது. பழைய உலாவிகளில் இது கிடைக்காது என்பதால் யாருக்காக எழுதுகிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபில்டரையும் மேப்பையும் சங்கிலியாகத் தொடுப்பதைப் பற்றி வேண்டிய அளவுக்கு மேலான கவலை நிலவுகிறது. ஒவ்வொரு கண்ணியும் ஓர் இடைநிலை அணியை உருவாக்குகிறது என்பது சரி. ஆனால் மூன்று முறை நடப்பது மூன்று மடங்கு மட்டுமே, முதலிலேயே வடிகட்டிவிட்டால் பின்வரும் நடைகள் சிறியவையாகவும் ஆகின்றன. சங்கிலியை ஒரே நடையாக்குகிறேன் என்று, உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே விடையாக்கும் ரெட்யூஸைக் கையிலெடுத்து, அதற்குள் ஒவ்வொரு படியிலும் அதுவரை சேர்ந்த அணியை மூன்று புள்ளிக் குறியால் விரித்துப் புதிய அணியாக்கும் நிரலைத்தான் நான் உண்மையாகவே அஞ்சுகிறேன். 10,000 உறுப்புகள் தேறினால் மொத்தம் ஏறக்குறைய 5 கோடி நகலெடுப்புகள் நடந்திருக்கும். பார்க்க நேர்த்தியானது, ஓட்டத்தில் இருபடிச் செலவு. ரெட்யூஸ்தான் வேண்டும் என்றால் சேர்ந்துவரும் அணியின் இறுதியிலேயே புஷ் முறையால் சேர்த்துவிடலாம். அப்படிச் செய்யும்போது அது ஒரு சாதாரண மடக்குதான் என்பதும் தெரிந்துவிடும்.

மூல அணியையே சுருக்க வேண்டும் என்ற தேவை வரும்போது, மடக்குக்குள் ஸ்ப்ளைஸ் முறையால் உறுப்புகளை வெட்டி நீக்குவது முதலில் தோன்றும் யோசனை. முன்னோக்கி நடக்கும் மடக்கில் ஓர் உறுப்பை நீக்கியதும் அடுத்தது அதன் இடத்துக்கு நகர்கிறது, சுட்டெண்ணோ ஒன்று கூடிவிடுகிறது. அடுத்தடுத்து நீக்க வேண்டிய இரண்டு இருந்தால் இரண்டாவது தப்பிவிடும். பின்னிருந்து நடந்தால் தப்பாது. ஆனால் ஒவ்வொரு நீக்கத்துக்கும் பின்னால் உள்ளவை எல்லாம் ஓரிடம் நகர வேண்டிய செலவு அப்படியே இருக்கும். இரு சுட்டெண்களை வைத்துக்கொள்வதே நல்ல முறை: ஒன்று படித்துக்கொண்டே போகும், மற்றொன்று தங்க வேண்டியவற்றை முன்னாலிருந்து அடுக்கி எழுதிக்கொண்டே வரும், முடிவில் அணியின் நீளத்தை எழுதும் சுட்டெண்ணின் மதிப்பாக ஆக்கிவிட்டால் எஞ்சியவை உதிர்ந்துவிடும். கூடுதல் அணி இல்லை, ஒரே நடை. ஆனால் அதே அணியை வேறு யாரும் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. ரியாக்ட் போன்ற கட்டமைப்புகள், அணியின் அடையாளம் மாறியிருக்கிறதா என்று பார்த்தே திரையைப் புதுப்பிக்கின்றன. அங்கே புதிய அணியைத் தரும் ஃபில்டரே சரியான கருவி.

அதே காரணத்தால் ரியாக்டில் எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் எழுகிறது. திரையின் ஒரு பகுதியான கூறு ஒவ்வொரு முறை வரையப்படும்போதும் ஃபில்டர் ஓடினால், உள்ளடக்கம் மாறாவிட்டாலும் அணி புதிதாகவே இருக்கும். அதைப் பெறும் கீழ்க் கூறுகள் மாற்றம் வந்ததாக எண்ணி மறுபடி வரைந்துகொள்ளும். 2019இல் ஹூக்குகள் என்ற வசதிகளோடு ரியாக்டில் வந்த யூஸ்மெமோவும், வியூ (Vue) என்ற கட்டமைப்பின் கணக்கிடப்பட்ட பண்புகளும், மூலமும் நிபந்தனையும் மாறாத வரை முந்தைய விடையையே திருப்பித் தந்து இதைத் தவிர்க்கின்றன.

ஒரே பட்டியலை ஒரே வகை நிபந்தனையால் மீண்டும் மீண்டும் வடிகட்டும் நிரலில், வடிகட்டுவதை விட்டுவிட்டு முன்கூட்டியே அடுக்கிவைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். வகைவாரியாகப் பார்க்கும் பக்கம் என்றால், பட்டியலை ஒரு முறை நடந்து, வகையைச் சாவியாகக் கொண்டு குழுக்களாகப் பிரித்து வைத்துவிட்டால், பின்னர் ஒவ்வொரு தேர்வும் ஒரே எட்டில் கிடைக்கும். 2024 பதிப்பில் வந்த குரூப்பை (groupBy) முறை இதை ஒரே அழைப்பாக்கியிருக்கிறது. எண் வரம்போ தேதி வரம்போ நிபந்தனையானால், ஒரு முறை வரிசைப்படுத்திவிட்டு இருபாதித் தேடலால் வரம்பின் இரு முனைகளைக் கண்டு நடுப்பகுதியை வெட்டி எடுக்கலாம். 10 லட்சம் உறுப்புகள் உள்ள அணியில் ஒரு முனையைக் காண ஏறத்தாழ 20 ஒப்பீடுகள் போதும். தேடுபெட்டியில் எழுத்துகள் கூடிக்கொண்டே போகும்போது, சொல் எங்காவது இடம்பெறுகிறதா என்ற நிபந்தனைக்கு, நீண்ட சொல்லுக்குப் பொருந்துபவை எல்லாம் குறுகிய சொல்லுக்கும் பொருந்தியிருக்கும். எனவே முந்தைய விடையை மட்டும் மேலும் வடிகட்டினால் போதும். பயனர் எழுத்தை அழித்தால் மட்டும் முழுப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும்.

சர்வரிடம் கேட்டுத்தான் விடை தெரியும் என்ற நிபந்தனையை ஃபில்டருக்குள் வைப்பவர்கள் ஒரு விசித்திரத்தைக் காண்பார்கள்: எல்லா உறுப்புகளும் தேறிவிடும். விடைக்காகக் காத்திருக்கும் அசிங்க் (async) செயற்கூறு திருப்பித் தருவது மெய்யோ பொய்யோ அன்று, விடை பின்னர் வரும் என்று குறிக்கும் ஒரு பிராமிஸ். பிராமிஸ் என்பது ஆப்ஜெக்ட், ஆப்ஜெக்ட் எப்போதும் மெய்யாகவே கொள்ளப்படும். முதலில் எல்லா விடைகளையும் பிராமிஸ் ஆல் வழியாகச் சேகரித்து, பின்பு சுட்டெண்ணைக் கொண்டு வடிகட்ட வேண்டும். அதைவிட முக்கியமாக, உறுப்புக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் போவதற்குப் பதில் அடையாள எண்களை மொத்தமாக அனுப்பி ஒரே விடையாகப் பெற முடியுமா என்று பார்க்க வேண்டும். வலையமைப்பில் ஒரு முறை போய்வரும் நேரத்துக்கு முன் மேலே பேசிய எல்லா மிச்சங்களும் தூசு.

சர்வர் பக்கத்தில் பிஎச்பி எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே அரே_ஃபில்டர் மூல அணியின் சாவிகளை அப்படியே வைத்துக்கொள்கிறது. 0, 1, 2 என இருந்ததில் 1 நீங்கினால் 0, 2 என்ற சாவிகள் மிஞ்சும். அதை ஜேசனாக (தரவை அனுப்பப் பயன்படும் உரை வடிவமாக) மாற்றினால் பட்டியலுக்குப் பதில் ஆப்ஜெக்ட்டாக வெளியே போகும், உலாவியில் அதன் மீது அணி முறைகள் எதுவும் இயங்காது. அரே_வேல்யூஸ் வழியாகச் செலுத்திவிட்டால் சரியாகும். இன்_அரே என்பதும் இன்க்ளூட்ஸ் போல ஒவ்வொன்றாக நடக்கும் தேடல்தான். அணியைத் திருப்பிப்போட்டு மதிப்புகளைச் சாவிகளாக்கி, இஸ்செட்டால் கேட்பது அங்கே செட்டின் இடத்தை நிரப்புகிறது. பைத்தானில் 3ஆம் பதிப்பிலிருந்து ஃபில்டர் சோம்பேறி வகை. கேட்கும் வரை எதையும் செய்யாது.

வடிகட்டிய பின் என்ன நடக்கிறது என்பதை மறந்துவிட்டு வடிகட்டுவதை மட்டும் செதுக்குவது இன்னொரு வழக்கமான வீண்வேலை. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிநொடி; 50 மில்லிநொடியைத் தாண்டி முதன்மை இழையைப் பிடித்துக்கொள்ளும் வேலையை நீண்ட வேலை என்றே உலாவிகளின் அளவீட்டு இடைமுகம் வகைப்படுத்துகிறது. சில ஆயிரம் ஆப்ஜெக்ட்டுகளை எளிய நிபந்தனையால் வடிகட்டுவது இந்த எல்லைக்கு அருகில்கூட வராது. தேறிய சில ஆயிரத்துக்கும் திரையில் உறுப்புகளை உருவாக்கி, அவற்றின் இடத்தைக் கணக்கிட்டு வரைவதுதான் எல்லையை உடைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் வரைவதும், தட்டச்சு சற்று ஓயும் வரை காத்திருந்து வடிகட்டுவதும் இங்கே பலன் தருபவை. எது மெதுவு என்பதை உலாவியின் செயல்திறன் பலகத்தில் உண்மையான பக்கத்தை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தனியே எடுத்து எழுதிய சிறு ஒப்பீட்டுச் சோதனைகளில், பயன்படுத்தப்படாத விடையை எஞ்சின் கணக்கிடாமலேயே விட்டுவிட்டு நம்மை ஏமாற்றவும் கூடும்.

கடைசியாக இருப்பிடம். ஒரு லட்சம் பதிவுகளை உலாவிக்கு வரவழைத்து அதில் 30ஐ எடுத்துக் காட்டும் பக்கத்தில், ஃபில்டரின் நேரத்தைவிடப் பதிவுகள் வலையில் பயணிக்கும் நேரமும் ஜேசனைப் பிரித்துப் படிக்கும் நேரமும் பெரியவை. அந்த நிபந்தனை, எந்தப் பதிவுகள் வேண்டும் என்று தரவுத்தள வினவலில் சொல்லும் WHERE பகுதியில் இருக்க வேண்டியது. அங்கே பொருத்தமான குறியீட்டு அட்டவணை இருந்தால், 1970களின் தொடக்கத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் வடிவமைத்த பி-மரத்தின் வழியாக, பொருந்தாத பதிவுகள் பெரும்பாலும் தொடப்படாமலேயே விடை வருகிறது. ஃபில்டரால் ஒருபோதும் செய்ய முடியாதது இது. எதைக் கழிக்க வேண்டும் என்று அறிய அது ஒவ்வொன்றையும் பார்த்தாக வேண்டும். பட்டியல் சிறியது, ஏற்கெனவே உலாவியில் இருக்கிறது, பயனர் நிபந்தனைகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறார் என்றால் மட்டும் உலாவியில் வடிகட்டுவது எல்லா வகையிலும் வசதி.

இரண்டையும் கலக்கும்போதுதான் விடையே தவறுகிறது. சர்வர் 50 பதிவுகள் கொண்ட பக்கங்களாக அனுப்ப, உலாவி அந்த 50க்குள் வடிகட்டினால், இரண்டாம் பக்கத்தில் இருக்கும் பொருத்தங்கள் பயனரின் கண்ணுக்கு இல்லாதவை. சில பக்கங்களில் மூன்று வரிகளும் சிலவற்றில் ஒன்றுமின்மையும் தெரியும். வடிகட்டுவது முதலிலும் பக்கமாகப் பிரிப்பது பிறகும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும். மற்றவர் பார்க்கக் கூடாத பதிவுகளை உலாவிக்கு அனுப்பிவிட்டு அங்கே ஃபில்டரால் கழிப்பதோ வடிகட்டுதலே ஆகாது; வலையமைப்புப் பலகத்தைத் திறக்கும் எவருக்கும் அவை முழுதாகக் கிடைத்துவிட்டன.